'பாலரினா' படம்: இரண்டு சந்தேகங்கள், உதவுங்கள்

வணக்கம். 2016இல் வந்த 'பாலரினா' அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். அநாதை இல்லத்திலிருந்து தப்பித்து, பாரிஸ் ஓபராவில் பாலே நடனம் ஆடத் துடிக்கும் ஃபெலிசியின் கதை. என் ஏழு வயது மகள் இதை எத்தனை முறை பார்த்தாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முதல் சிக்கல், இதே படம் அமெரிக்காவில் 2017இல் 'லீப்' என்ற பெயரில் வெளியானது. ஃபெலிசிக்கு இரண்டிலும் எல் ஃபானிங்தான் குரல். அவள் நண்பன் விக்டரின் குரல் மட்டும் வேறு. தெரியாமல் அந்த அமெரிக்கப் பதிப்பை வாங்கிவிட்டேன். "இது விக்டரே இல்லை" என்று வீட்டில் ஒரே அழுகை. பழைய குரலுள்ள டிவிடியை உறையைப் பார்த்து எப்படி அடையாளம் காண்பது?

இரண்டாவதுதான் பெரியது. விரல் நுனியில் நின்று ஆடும் கெட்டி முனைக் காலணி இப்போதே வேண்டுமாம். பாத எலும்பு முதிர்ந்து, சில வருடம் பயின்ற பிறகு, பெரும்பாலும் பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் அதை அணிய விடுவார்கள். ஃபெலிசி சில நாட்களிலேயே தேறிவிடுகிறாளே, அப்புறம் நான் சொன்னால் எடுபடுமா? படத்தில் ஈபிள் கோபுரம் பாதிதான் எழுந்திருக்கிறது, அதாவது கதை 1889க்கு முன் நடக்கிறது, ஆனால் அவர்கள் ஒத்திகை பார்க்கும் 'நட்கிராக்கர்' பாலே 1892இல்தான் ரஷ்யாவில் அரங்கேறியது, படத்தை அப்படியே நம்பாதே என்றேன். கண்டுகொள்ளவே இல்லை.

பாலே பழகும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? அந்தக் காலணி கேட்டு அடம்பிடித்தபோது என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்? முதல் வருடம் வெறுங்காலோடு பழகலாமா, மெல்லிய துணிக் காலணி போதுமா?