தாத்தாவின் மார்பில் இருந்த ரிப்பன்

ஊரில் எங்கள் வீட்டுக்கு 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் பெயர். வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும். தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் இருந்தார், இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போனார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தைக் காட்டி நானும் என் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய படத்தை நம்பியதுதான் தப்பு. அது பிற்காலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கி, பிரஷ் வைத்து டச் செய்தது. புருவமும் மீசையும் வரைந்தவை. தோளில் இருந்த எழுத்தைக் காக்கிக் கலர் பூசி மறைத்துவிட்டு, மார்பில் பதக்கத்துக்கு அடையாளமாகக் குத்தியிருந்த ரிப்பனுக்கு மூவர்ணம் தீட்டியிருந்தார்கள். 1947 சுதந்திரப் பதக்கத்தின் ரிப்பனும் மூவர்ணம்தான். அதனால் படம் அதற்குப் பிறகு எடுத்தது என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து அசல் பிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தார். கார்டு அளவுதான் இருக்கும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முகத்தை விட்டுவிட்டுத் தோளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

தோளில் பித்தளை எழுத்து: ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டே இல்லை. லாரியில் ரேஷன், தோட்டா, பெட்ரோல், தண்ணீர் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற படை அது. பெயரில் 'ராயல்' சேர்ந்தது 1935இல்; நாடு குடியரசானதும் 1950இல் அது போய்விட்டது. ஆக, படம் இந்தப் பதினைந்து வருடத்துக்குள் எடுத்தது. கையில் இரண்டு பட்டை, அதாவது நாயக் என்கிற பதவி.

அப்புறம் ரிப்பன். ஒன்றே ஒன்று, இடது பாக்கெட்டுக்கு மேலே. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பக் கூடாது. அந்தக் காலத்து பிலிம் பலவற்றில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அதனால் கோடுகளின் அகலத்தையும் வரிசையையும் மட்டும் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒரே நிறம், நடுவில் கறுப்பாக ஒரு பட்டை. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, பட்டன் பக்கம் ஒல்லியாக ஒரு கரும் கோடு, கைப்பக்கம் ஒரு வெளிறிய கோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதில்தான் விடை இருந்தது. பர்மா சண்டையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கத்தின் ரிப்பன் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது ஆப்பிரிக்கா ஸ்டார்: மணல் நிறத்தின் நடுவே சிவப்பு, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம்.

1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்கப் போரில் இருந்தவர்களுக்கான பதக்கம் அது. அறிவித்தது 1943 ஜூலையில். அதற்கு முன் இந்த ரிப்பனை யாரும் குத்தியிருக்க முடியாது. போர் முடிந்த பிறகு எடுத்த படமாக இருந்தால், எந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்கும் பொதுவாக 1945 ஆகஸ்ட்டில் வந்த வார் மெடலின் ரிப்பனும் பக்கத்தில் இருந்திருக்கும். ஆகவே 1943 நடுவிலிருந்து 1945க்குள் எடுத்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களிடமும் இப்படிப் படம் இருந்தால், பெரிதாக்கிய பிரதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அசலைத் தேடுங்கள். எந்த ரிப்பன் இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் பாருங்கள்.

பர்மா இல்லை, பாலைவனம் என்று அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆளுக்கு இவ்ளோ தண்ணின்னு அளந்துதான் குடுப்பாங்கன்னு அப்பா சொல்வாருடா. பர்மாவுலதான் மழை கொட்டுமே, அங்க எதுக்குத் தண்ணிய அளக்கணும்னு எங்க யாருக்கும் தோணல" என்றார்.

சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை வாசலில் ஊற்றினால் தாத்தாவுக்குக் கோபம் வருமாம். செடிக்கு ஊற்று என்பாராம்.