மறு: அலைன்மென்ட் லேயருக்குத் தமிழில் என்ன?

சேலத்திலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை எம்.எஸ்சி. வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. எல்சிடியின் (திரவப் படிகத் திரையின்) இரண்டு கண்ணாடிகளிலும் உட்பக்கம் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, வெல்வெட் துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். திரவப் படிக மூலக்கூறுகள் அந்தத் திசையில் படுக்கும். தேய்ப்பதால் தூசியும் நிலைமின்னும் சேரும். பதிலாக, ஒரே திசையில் இழுத்தெடுத்த கார்பன் நானோகுழாய்ப் படலத்தை ஒட்டினால், குழாய் கிடக்கும் வாக்கிலேயே மூலக்கூறும் படுக்கிறது. படலமே மின்சாரம் கடத்துவதால், மின்முனையாக இடும் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) பூச்சும் வேண்டாம். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறு நிமிரும், ஒளியின் தளவிளைவு (ஒளி அதிரும் திசை) மாறும். இப்படி மூலக்கூறைத் திசைப்படுத்தும் அலைன்மென்ட் லேயரை 'ஒழுங்கமைவுப் படலம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
ஒழுங்கமைவு என்றால் அலமாரி அடுக்குகிற மாதிரி இருக்கிறது. 'ஆற்றுப்படலம்' என்று வையுங்கள். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை? ஆறு, ஆற்று, ஆற்றல், ஆற்றுப்படு எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. விரிவாக நாளை எழுதுகிறேன். அப்புறம், திரவம் வடசொல். நீர்மம் என்க. கார்பனும் கரிமம் ஆகட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை (கவுன்சலிங்). மூலக்கூறு படலத்திடம் மனக்குறை சொல்லுது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கார்பனை நாங்கள் காபன் என்றே எழுதுகிறோம், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை.

கோவையிலிருந்து:
கரிமம் வேண்டவே வேண்டாம். திரவப் படிக மூலக்கூறுகளே கரிமச் சேர்மங்கள்; குழாயும் கரிமம் என்றால் பையன் எதை எதிலிருந்து பிரிப்பான்? திரவத்தை விரட்டினால் படிகமும் கூடவே கிளம்பும், அது ஸ்படிகம்தானே ஐயா. இன்னொன்று: இந்தப் படலம் குழாய்க்கு இணையாக அதிரும் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும், அதாவது அரைகுறைத் தளவிளைவாக்கி. மின்முனையாகவும் வேலை செய்கிறது. வேலையை வைத்துப் பெயரிட்டால் மூன்று பெயர் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் 'திசையமைப் படலம்' போதும்.

சேலத்திலிருந்து:
யாழ்ப்பாணத்தாரும் தனிமடலில் சரி என்றுவிட்டார். திசையமைப் படலம், கார்பன் நானோகுழாய், திரவப் படிகம். இப்படியே அச்சுக்குப் போகிறது. முதல் இடத்தில் மட்டும் 'அலைன்மென்ட் லேயர்' அடைப்பில் வரும்.

மதுரையிலிருந்து:
போகட்டும். திசையும் வடசொல் என்பதைப் பதிந்து வைக்கிறேன். ஆறு-ஆற்றல் வேர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.