எங்கட பூனை புலியன் சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுறான்

குழு: கல்லடி வீடு

செவ்வாய்க்கிழமை

[5:52] அம்மா: ஆராச்சும் ஒழும்பிட்டீங்களா? புலியனுக்கு என்னமோ நடந்திட்டு. ராவு நல்லாத்தான் சோறு திண்டு படுத்த. இப்ப நடக்க ஏலாம வலப்பக்கமா விழுறான்.

[5:53] அம்மா: (வீடியோ 0:21)

[5:58] நான்: பார்த்தன் அம்மா. கடவுளே. எப்ப துவங்கின?

[6:00] அம்மா: விடிய நாலரைக்கு குசினிக்குள்ள சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தன். அடுப்புக்குக் கீழ சுருண்டு கிடந்தான். தூக்கி விட்டா வட்டமடிச்சு வட்டமடிச்சு சுவரோட போய் முட்டுறான். ரெண்டு தரம் சத்தியும் எடுத்த.

[6:04] மாமா: அக்கா, வாதம் அடிச்சிருக்கும். 14 வயசு, பூனைக்கு அது பெரிய வயசு. போட்டு அலைக்கழிக்காம விடுங்க. நிம்மதியாப் போகட்டும்.

[6:05] சின்னம்மா: காதுக்குள்ள பூச்சி ஏதும் போயிருக்குமோ? நல்லெண்ணெய் இளஞ்சூடாக்கி ரெண்டு துளி விட்டுப் பாருங்க அக்கா.

[6:06] அண்ணன் கட்டார்: பனடோல்ல கால்வாசி கரைச்சுக் குடுங்க அம்மா. நோவு இருந்தாக் குறையும்.

[6:07] நான்: பொறுங்க, ஒருத்தரும் ஒண்டும் குடுக்க வேணாம். பேராதனைக்குக் கோல் எடுத்து, மிருக வைத்தியம் படிக்கிற சின்னம்மாட மகள், தங்கச்சிய ஒழுப்புறன்.

[6:14] பேராதனைத் தங்கச்சி: பெரியம்மா, பனடோல், அதுதான் பரசிட்டமோல், குடுக்கவே குடுக்காதீங்க. நம்மட ஈரல் அந்த மருந்த உடைச்சு வெளிய அனுப்பும், பூனைட ஈரலுக்கு அது ஏலாது. ஒரு குளிசையே பூனையக் கொல்லும். ரத்தம் கபில நிறமாப் போய், மூச்சு முட்டி, முகம் வீங்கும். அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்ன, ஆனா பூனைக்கு அது நஞ்சு.

[6:15] அண்ணன் கட்டார்: ஐயோ தெரியாமச் சொல்லிட்டன். அம்மா குடுத்திடாதீங்க.

[6:15] அம்மா: குடுக்கல்ல மனே.

[6:17] பேராதனைத் தங்கச்சி: எண்ணெயும் வேணாம் அம்மா. செவிப்பறை கிழிஞ்சிருந்தா விடுறதெல்லாம் நடுக்காதுக்குள்ள போகும், இருக்கிற வருத்தம் கூடும். பெரியம்மா, முதல் அவன்ட பின்கால் ரெண்டையும் தொட்டுப் பாருங்க. முன்கால் மாதிரிச் சூடா இருக்கா? பாதத்தில இருக்கிற மெத்து என்ன நிறம்? நோவில கத்துறானா?

[6:21] அம்மா: நாலு காலும் ஒரே சூடுதான். மெத்து எப்பவும் போல ரோசா நிறம். கத்தல்ல. பயத்தில எண்ட சாறியப் புடிச்சிட்டுக் கிடக்கிறான்.

[6:22] பேராதனைத் தங்கச்சி: அப்பாடா. அதுதான் எனக்கு முதல் பயம்.

[6:24] நான்: நம்மட பழைய பூனை கறுப்பிக்கு நடந்தது அதுதானே தங்கச்சி? நான் ஓ.எல். சோதினை எழுதின வருசம். பின்கால் ரெண்டையும் இழுத்திட்டு வந்து கடப்படியில விழுந்து ஊளையிட்டு அழுத. கால் ஐஸ் மாதிரி. நாங்க ராவு முழுக்க எண்ணெய் தேய்ச்சம். விடியக்குள்ள போயிட்டு.

[6:27] பேராதனைத் தங்கச்சி: ஓம் அக்கா, நீங்க சொல்றதப் பார்த்தா அதுதான். இதய வருத்தம் இருக்கிற பூனைக்கு ரத்தம் கட்டியாகி, பெரிய நாடி ரெண்டு காலுக்கும் பிரியிற இடத்தில போய் அடைக்கும். கால் குளிரும், மெத்து வெளிறும் இல்லாட்டி நீலமாகும், நோவு தாங்கேலாது. அதுக்கு ஒரு மணித்தியாலம் கூடப் பார்த்திட்டு இருக்கக் கூடாது. டொக்டரிட்டக் கொண்டு போனாலும் கன பூனை தப்புறல்ல. உங்களில பிழை இல்ல.

[6:28] நான்: அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்கு. அதுதான் இந்த முறை ஆரும் "வயசு போயிட்டு" எண்டு சொல்லி விட்டிரக் கூடாது எண்டு நினைக்கிறன். மாமா, கோவிக்காதீங்க.

[6:30] மாமா: கோவம் ஒண்டும் இல்ல மகள். அவன் படுற பாட்டைப் பார்க்க ஏலாமச் சொன்ன.

[6:31] பேராதனைத் தங்கச்சி: பெரியம்மா, போனக் கிட்டப் புடிச்சுக் கண்ணை மட்டும் வீடியோ எடுங்க. தலையப் பிடிக்க வேணாம்.

[6:38] அம்மா: (வீடியோ 0:14)

[6:38] அம்மா: கண்ணு மணி நிக்கிறல்ல மகள். பக்கவாட்டில ஓடிட்டே இருக்கு. பார்க்க எனக்கே தலை சுத்துது.

[6:44] பேராதனைத் தங்கச்சி: வடிவாத் தெரியுது. கண்மணி ஒரு பக்கம் மெல்லப் போய், மற்றப் பக்கம் வெடுக்கெண்டு திரும்புது. தலை வலப்பக்கம் சரிஞ்சிருக்கு, விழுறதும் வலப்பக்கம். உள்காதில சமநிலை பார்க்கிற இடம் ஒண்டு இருக்கு. வலக்காதுப் பக்கம் அது குழம்பிட்டுப் போல. கண்மணி மேலயும் கீழயும் ஓடினாத்தான் மூளைப் பக்கம் எண்டு கூடப் பயப்படுவம். இவனுக்கு அப்படி இல்ல. கால்ல பலம் இருக்கு, கூப்பிட்டாப் பார்க்கிறான்.

[6:46] சின்னம்மா: அப்ப வாதம் இல்லையா?

[6:49] பேராதனைத் தங்கச்சி: வீடியோவப் பார்த்து முடிவு சொல்ல ஏலாது அம்மா. ஆனா வயசான பூனைக்கு இப்படித் திடீரெண்டு வந்து, காரணமே பிடிபடாமத் தானாக் குறையிறதும் இருக்கு. தோணியில கன நேரம் இருந்திட்டு இறங்கினா நிலம் ஆடுமே, அதவிடப் பல மடங்கு இப்ப அவனுக்கு. ஒரு காது "சுத்துது" எண்டு சொல்லுது, மற்றக் காது "நிக்கிறம்" எண்டு சொல்லுது. அந்தக் குழப்பத்திலதான் சத்தியும்.

[6:50] பேராதனைத் தங்கச்சி: பெரியம்மா இன்னும் ரெண்டு கேள்வி. தெள்ளுக்கு மருந்து ஏதும் போட்டீங்களா? நாய்க்கு முதுகில விடுற மருந்து?

[6:52] அம்மா: இல்ல மகள். பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கினதில மிச்சம் தந்த, நான் போடல்ல. தட்டில கிடக்கு.

[6:53] பேராதனைத் தங்கச்சி: அத எறிஞ்சிருங்க. நாய் மருந்து சிலதில பெர்மெத்ரின் இருக்கு. பூனையில பட்டா உடம்பு நடுங்கி வலிப்பு வரும். மற்றது, மீன் பச்சையாவா குடுக்கிறீங்க?

[6:55] அம்மா: சூடைத் தலை, குடல் எல்லாம் பச்சைதான். குட்டியில இருந்து அதுதானே. 2011 வெள்ளத்துக்க நனைஞ்சு வந்தவன் முதல் திண்டதே சூடை.

[6:58] பேராதனைத் தங்கச்சி: இனி அவிச்சுக் குடுங்க. சூடை மாதிரி சில மீன் பச்சையா இருக்கக்குள்ள பி1 விற்றமினை அழிக்கிற பொருள் ஒண்டு அதுக்குள்ள இருக்கு. நாள் முழுக்க அதுவே சாப்பாடு எண்டா பூனைக்கு நடை தள்ளாடும், தலை நெஞ்சுப் பக்கம் தொங்கும், மறுகா வலிப்பும் வரும். அவிச்சா அந்தப் பொருள் அழிஞ்சிரும். இவனுக்குச் சோறும் பாலும் போகிறதால அதுதான் காரணம் எண்டு நினைக்கல்ல, ஆனா டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்க.

[7:01] மாமா: அக்கா, நான் ஆரையம்பதியில இருந்து ஓட்டோவக் கொண்டு வாறன். எட்டரைக்கு மிருக டொக்டரிட்டப் போவம். எப்படித் தூக்கிறது?

[7:03] பேராதனைத் தங்கச்சி: காட்போட் பெட்டிக்குள்ள துவாய் விரிச்சு, ரெண்டு பக்கமும் பழைய சீலையச் சுருட்டி வச்சு அணை குடுங்க மாமா. உருளாம இருந்தா அவனுக்குப் பயம் குறையும். மூடியில ஓட்டை. பாலத்தில மெல்லப் போங்க.

[7:04] நான்: அம்மா, பின்வளவுக் கதவப் பூட்டுங்க! கிணத்துக் கட்டு தாழ்வு. அவன் வழமையா அதிலதான் ஏறி இருக்கிறான்.

[7:05] அம்மா: ஐயோ ஓம். அந்த நினைவே வரல்ல.

[11:40] அம்மா: வந்திட்டம். காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்த, பறை கிழியல்ல, சீழ் இல்லையாம். கண்ணுக்குள்ளயும் பார்த்த. சத்தி நிக்க ஊசி, பி1 ஊசி ஒண்டு, ரத்தம் எடுத்த. "மூண்டு நாள் பாருங்க அம்மா, ஒரு முடிவும் எடுக்காதீங்க" எண்டு சொன்ன.

[11:43] மாமா: ஓட்டோக்குள்ள எண்ட விரலைக் கவ்விப் புடிச்சிட்டே வந்தான். கடிக்கல்ல. புடிச்சிட்டே வந்தான்.

[11:50] அம்மா: ரெண்டு மாசமாத் தண்ணி கூடக் குடிக்கிறான் எண்டும் சொன்னன். அதக் கேட்டுத்தான் ரத்தம் எடுத்த.

[12:02] பேராதனைத் தங்கச்சி: நல்ல வேலை செஞ்சீங்க பெரியம்மா. சிறுநீரகம் பழுதானா பிரஷர் கூடும், அதாலயும் கண், மூளை ரெண்டும் பாதிக்கும்.

புதன்கிழமை

[6:30] அம்மா: ராவு முழுக்க அவனோட நிலத்தில படுத்தன். துவாய சுவரோட அணைச்சு வச்சா அதில சாய்ஞ்சு தூங்குறான். தட்டைக் குனிஞ்சு நக்க ஏலாது, மூக்கு முதல் போய் முட்டுது. உள்ளங்கையில அவிச்ச மீனை வச்சுக் குடுத்தன். நாலு வாய் திண்ட.

[6:33] சின்னம்மா: உங்கட இடுப்பு நோவோட நிலத்திலயா அக்கா? ராவைக்கு நான் வாறன்.

வெள்ளிக்கிழமை

[7:10] அம்மா: கண்ணு நிண்டிட்டு!!

[7:10] அம்மா: (வீடியோ 0:33)

[7:12] நான்: அம்மா நான் பஸ்ஸுக்குள்ள அழுறன்.

[7:15] பேராதனைத் தங்கச்சி: காலை எப்படி அகட்டி வச்சு நடக்கிறான் பாருங்க. இப்ப கண்ணையும் காலையும் நம்பி நடை பழகிறான். ரெண்டு மூண்டு கிழமை போகும். தலைச் சரிவு கொஞ்சம் நிண்டாலும் பயப்பட வேணாம்.

[16:20] அம்மா: ரத்த ரிசல்ட் வந்திட்டு. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் எண்டு சொன்ன. சீனி இல்ல. அடுத்த கிழமை பிரஷர் பார்க்க வரட்டாம்.

[16:24] அண்ணன் கட்டார்: மருந்துக் காசு நான் அனுப்புறன் அம்மா. என்னெண்டாலும் பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை, அடுத்த கிழமை

[9:05] மாமா: (படம்) கிணத்துக்கு இரும்பு வலை அடிச்சு முடிஞ்ச. ஒரு மூலைய மட்டும் திறக்கலாம், வாளி போகும்.

[9:20] அம்மா: புலியன் வந்து அதுக்கு மேல ஏறப் பார்த்து ஒருக்காச் சறுக்கி விழுந்த. மறுகா ஏறிட்டான். தலை கொஞ்சம் சரிஞ்சுதான் இருக்கு. கூப்பிட்டா அந்தச் சரிவோட திரும்பிப் பார்க்கிறான்.

[9:22] பேராதனைத் தங்கச்சி: பிரஷர் எப்படிப் பெரியம்மா?

[9:25] அம்மா: கூடத்தான். அரைக் குளிசை, ஒரு நாளைக்கு ஒருக்கா. அவிச்ச சூடைக்குள்ள வச்சுக் குடுக்கிறன். மீனைத் திண்டிட்டுக் குளிசையத் துப்புறான். பொடியாக்கித்தான் பிசையிறன்.

[9:26] மாமா: வலைய மட்டும் கழட்டிராத அக்கா.