காசா, காலா? ‘அயர்லாந்து சொந்தங்கள்’ குழு, 28 ஜூலை 2025

கார்த்தி (ட்ராலி), காலை 8:05
39 ஆச்சு! கேலிக் ஃபுட்பால் ஆல்-அயர்லாந்து கோப்பை எங்க கெர்ரிக்கு 39-வது தடவை. ஃபைனல்ல கெர்ரி 1-26 (ஒரு கோல், 26 பாயிண்ட்; ஒரு கோல்னா மூணு பாயிண்ட்), டோனகல் 0-19. டப்ளின்காரங்க எல்லாரும் எழுந்திரிங்க, விடிஞ்சிருச்சு.

கார்த்தி, 8:07
இது எங்க ஆபீஸ் குரூப்ல வந்தது: “டப்ளின் 2015-லேர்ந்து 2020 வரைக்கும் வரிசையா வாங்கின ஆறு கோப்பைக்கும் பில் இருக்கு. 2007-லேர்ந்து 2018 வரைக்கும் சுமார் 1.8 கோடி யூரோ.” யாராவது மறுப்பீங்களா?

பானு அக்கா (நேவன்), 8:15
காலங்காத்தால ஆரம்பிச்சிட்டான்.

செந்தில் மாமா (டப்ளின்), 8:31
தொகையை நான் மறுக்கல மாப்ள. ஆனா அது எந்தப் பணம்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும். ஒரு கவுண்டிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, வர்ற காசு நாலு பையில வருது.

ஒண்ணு, விளையாட்டு வளர்ச்சி மானியம். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற கோச்சுகளோட சம்பளம் இதுல இருந்துதான். நீ சொன்ன 1.8 கோடி இந்தப் பைதான். ரெண்டு, சீனியர் அணியைத் தயார் பண்ற செலவு: சாப்பாடு, பிசியோ, பயணப்படி. மூணு, ஸ்பான்சர். டப்ளினுக்கு முன்னாடி வோடஃபோன், 2013 கடைசியில இருந்து பல வருஷம் ஏஐஜி. நாலு, நிலம், மைதானம், கட்டடம்.

பத்திரிகையில ஒருத்தர் முதல் பையை எடுத்துப் பேசுவார், இன்னொருத்தர் ரெண்டாவதைக் காட்டி மறுப்பார். ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கும், சண்டை மட்டும் தீராது.

கார்த்தி, 8:36
மாமா, ரெண்டாவது பையிலயும் நீங்கதானே முன்னாடி?

செந்தில் மாமா, 8:44
அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சீனியர் அணிச் செலவுல மேயோ மாதிரி கவுண்டிங்க டப்ளினோட தோள் உரசி நின்னிருக்கு, சில வருஷம் தாண்டியும் போயிருக்கு. காரணம் பெட்ரோல்தான். மேயோ பசங்க பல பேருக்கு வேலையும் காலேஜும் டப்ளின்ல. வார நடுவுல பயிற்சின்னா ஒரு வழிக்கே 240 கிலோமீட்டர் கிட்ட ஓட்டணும். டப்ளின் பையனுக்கு அது அரை மணி நேர வேலை.

கணக்குப் புத்தகத்துல மேயோ அதிகம் செலவழிச்ச மாதிரி தெரியும். ஆனா அந்தக் காசுல ஒரு தசைகூட வளரல, டயர்தான் தேஞ்சுச்சு. ராத்திரி பன்னிரண்டுக்கு வீடு திரும்புற கால், மறுநாள் ஜிம்முக்கு எப்படி வரும்? டப்ளினோட பெரிய வசதி இதுதான். அது எந்த ரசீதுலயும் வராது.

அருண், 9:02
நான் காலக்கணக்கு மட்டும் சொல்றேன். ஸ்போர்ட்ஸ் கவுன்சில் வழியா டப்ளினுக்கு அரசாங்கத்தோட அந்த முதல் பைப் பணம் 2000-களோட நடுவுல, பெர்ட்டி அஹெர்ன் பிரதமரா இருக்கும்போது வர ஆரம்பிச்சுது. அது ஆறேழு வயசுப் பிள்ளைங்களுக்கான பணம். அந்தப் பிள்ளை சீனியர் சட்டை போட 12, 14 வருஷம் ஆகும்.

ஆனா டப்ளின் முதல்ல ஜெயிச்சது 2011. ஃபைனல்ல கெர்ரிக்கு எதிரா 1-12, 1-11. கடைசி ஃப்ரீ கிக்கை அடிச்சது கோல்கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன், அவர் 2001-லயே அணிக்கு வந்தவர். அதே அணியில ஆடின ஆலன் பிரோகன் 1982-ல பிறந்தவர், அவர் தம்பி பெர்னார்ட் 1984. இவங்க யாரும் அந்தக் காசுல வளர்ந்தவங்க இல்ல.

அருண், 9:04
பின்னாடி வந்த கான் ஓ’கேலகன் பிறந்தது 1996, பிரையன் ஹவர்ட் 1997. இவங்களை வேணா மானியத் தலைமுறைன்னு சொல்லுங்க. அதாவது 2017-க்கு அப்புறம்தான் அந்தப் பணம் மைதானத்துல இறங்குது.

கார்த்தி, 9:09
சரி, முதல் மூணு நாலு கோப்பையை உங்களுக்கே விட்டுட்டேன். மிச்சம்?

அருண், 9:17
மிச்சத்துக்கு வித்தியாசத்தைப் பாரு. 2013, 2016 ரீப்ளே, 2017 மூணுமே மேயோகிட்ட ஒரே பாயிண்ட். 2011-ஐயும் சேர்த்தா, 2011-லேர்ந்து 2023 வரை டப்ளின் ஜெயிச்ச ஒம்பதுல நாலு ஒரு பாயிண்ட்ல. 2017-ல கடைசி நிமிஷத்துல டப்ளினோட டீன் ராக் ஃப்ரீ கிக் அடிக்க ஓடி வரும்போது மேயோவோட லீ கீகன் தன்னோட ஜிபிஎஸ் கருவியைக் கழட்டி எறிஞ்சார். அது பந்துல பட்டிருந்தா இந்த விவாதமே இல்ல.

2016 முதல் ஆட்டம் இன்னும் மோசம். டப்ளினோட ரெண்டு கோலும் மேயோ தானே போட்டுக்கிட்ட ஓன் கோல். ஆட்டம் 2-9, 0-15-னு டிரா. அந்த ரெண்டு கோலுக்கும் யார் மானியம் குடுத்தாங்க?

பானு அக்கா, 9:20
பாவம் மேயோ. 1951-லேர்ந்து காத்துட்டு இருக்காங்க.

வித்யா (லூக்கன்), 9:48
எல்லாரும் ஃபைனலையே பேசுறீங்க. அந்தப் பணம் ஃபைனல்ல வேலை செய்யறதில்ல, சனிக்கிழமை காலையில வேலை செய்யுது. எப்படின்னு சொல்றேன்.

கிளப்புக்கு ஒரு முழுநேர ஜிபிஓ, அதாவது விளையாட்டை வளர்க்கிற அதிகாரி. சம்பளத்துல பாதி மானியம், பாதியைக் கிளப் போடணும். வார நாள்ல அவர் ஏரியாவுல இருக்கிற பிரைமரி ஸ்கூலுக்குப் போவார். அங்க பந்தைத் தொட்ட பிள்ளைங்க சனிக்கிழமை கிளப்போட நர்சரிக்கு வரும். அங்க சொல்லிக் குடுக்கிறது அவர் இல்ல, நம்மள மாதிரி அப்பா அம்மாதான். அவரோட அசல் வேலை அந்த அப்பா அம்மாவுக்குக் கத்துக் குடுக்கிறது. சின்ன மைதானம், குறைஞ்ச ஆளு, ஸ்கோர் எழுதாத ஆட்டம், எல்லாப் பிள்ளைக்கும் பந்து கிடைக்கணும். 12 வயசு வரைக்கும் இப்படித்தான். அதுக்கப்புறம்தான் கவுண்டியோட தேர்வு அணிங்க.

வித்யா, 9:55
கோளாறு எங்கன்னா, “பாதியைக் கிளப் போடணும்”ங்கிற இடத்துல. கில்மக்கட் குரோக்ஸ் மாதிரி ஆயிரக்கணக்குல உறுப்பினர் உள்ள கிளப்புக்கு அது ஒரு விஷயமே இல்ல. வசதி குறைஞ்ச ஏரியாவுல சின்ன கிளப்புக்கு அந்தப் பாதியே பாரம். அதனால டப்ளினுக்குள்ளயே காசு, காசு இருக்கிற பக்கம்தான் ஓடுச்சு. இதை யாரும் பேசறதில்ல.

இன்னொண்ணு, ஆளை விலைக்கு வாங்க முடியாத ஆட்டம் இது. சம்பளம் கிடையாது, டிரான்ஸ்ஃபர் சந்தை கிடையாது, உன் கிளப் இருக்கிற கவுண்டிக்குத்தான் ஆடணும். காசைக் கொட்டினா கெர்ரி நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட் வரமாட்டார். நிறையப் பிள்ளைங்க வரும், அவ்வளவுதான்.

கார்த்தி, 9:58
கிளிஃபர்ட் பேரைச் சொன்னதுக்கு நன்றி அண்ணி.

அருண், 10:10
வித்யா அக்கா சொன்னதை வச்சே ஒரு சோதனை இருக்கு. அதே ஜிபிஓ, அதே ஸ்கூல், அதே பணம் ஹர்லிங்குக்கும் (மட்டையால ஆடுற இன்னொரு அயர்லாந்து ஆட்டம்) போச்சு. டப்ளின் ஹர்லிங் அணிக்கு என்ன கிடைச்சுது? 2011 லீக், 2013 லென்ஸ்டர் மாகாணக் கோப்பை. அதுக்கு முந்தின லென்ஸ்டர் 1961. ஆல்-அயர்லாந்து கடைசியா 1938, இன்னைக்கு வரைக்கும் அதுதான்.

காசு மட்டும் போதும்னா ஹர்லிங்கும் டப்ளின் நீலமா ஆகியிருக்கணும்ல.

கார்த்தி, 10:19
இதை ஒத்துக்க மாட்டேன். ஹர்லிங் வேற. கில்கெனி, டிப்பரரி பையனுங்க நடக்கப் பழகும்போதே கையில மட்டையோட சுத்துறவங்க, அந்த இடைவெளியை நிரப்ப ரெண்டு தலைமுறை ஆகும். ஃபுட்பால்ல டப்ளினுக்கு ஏற்கனவே அடித்தளம் இருந்துச்சு. காஞ்ச வயலுக்குத் தண்ணி விடறதும் விளைஞ்ச வயலுக்கு உரம் போடறதும் ஒண்ணா?

ஹர்லிங்ல லிமெரிக்கைப் பாரு. கோடீஸ்வரர் ஜே.பி. மெக்மேனஸ் பக்கபலமா நின்னார். ஆல்-அயர்லாந்து 2018, அப்புறம் 2020-லேர்ந்து 2023 வரை தொடர்ச்சியா நாலு. அங்க மட்டும் காசு பேசலையா?

அருண், 10:24
பேசுச்சு. நான் “மட்டும்”னுதான் சொன்னேன் அண்ணா. உங்க கெர்ரி மைனர் (18 வயசுக்குள்ள) ஃபுட்பால் அணி 2014-லேர்ந்து 2018 வரை தொடர்ந்து அஞ்சு ஆல்-அயர்லாந்து எடுத்துச்சு. அதே அஞ்சு வருஷத்துல சீனியர்ல 2014 ஒண்ணுதான். சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துல அன்னைக்கு டப்ளினை விட நீங்கதான் பலம். அப்போ மானியப் பணம் எங்க போச்சு?

பானு அக்கா, 10:52
நீங்க எல்லாரும் கோப்பையை எண்றீங்க. எங்க கவுண்டி மீத்ல உக்காந்து பார்த்தா வேற மாதிரி தெரியும்.

டப்ளின் லென்ஸ்டர்ல 2005-லேர்ந்து 2009 வரைக்கும் அஞ்சு தடவை தொடர்ந்து ஜெயிச்சுது. 2010-ல நாங்க 5-9, 0-13-னு அடிச்சோம். அப்புறம் 2011-லேர்ந்து 2024 வரை பதினாலு. 20 வருஷத்துல 19. ஆரம்பத்துல அந்தக் காசு இன்னும் முளைக்கவே இல்ல. அதனால “காசாலதான் லென்ஸ்டர் போச்சு”ன்னு சொன்னா ஆரம்பத்துக்குப் பொருந்தாது.

ஆனா 2005 ஃபைனல் லீஷ்கிட்ட ஒரு பாயிண்ட். 2009 கில்டேர்கிட்ட மூணு. 2017 செமி ஃபைனல் வெஸ்ட்மீத்கிட்ட 4-29, 0-10. முப்பத்தொண்ணு! 2020 ஃபைனல் எங்ககிட்ட 3-21, 0-9. இருபத்தொண்ணு. கோப்பை அதே கோப்பை, இடைவெளிதான் மாறிடுச்சு. காசு செஞ்ச வேலை அந்த இடைவெளியில இருக்கு. அவங்க பெஞ்சுல உக்காந்திருந்த ஆறாவது, ஏழாவது ஆளுகூட எங்க அணியில முதல் ஆளா ஆடியிருப்பார். 50-வது நிமிஷத்துல அவர் இறங்குவார், நம்ம பசங்க அப்போ இடுப்புல கை வச்சு நிப்பாங்க.

செந்தில் மாமா, 10:58
பானு சொன்னதுதான் சரியான அளவுகோல்.

கார்த்தி, 11:01
அதாவது, அனுகூலம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க.

செந்தில் மாமா, 11:20
ஒத்துக்கறேன். டப்ளின்காரங்க “தலைக்கு எவ்வளவு”ன்னு வகுத்துக் காட்டுவாங்க. 2022 கணக்கெடுப்புல டப்ளின் 14.58 லட்சம், கெர்ரி 1.56, மேயோ 1.38, லீட்ரிம் வெறும் 35 ஆயிரம். மொத்த மக்களால வகுத்தா டப்ளினுக்குக் கிடைச்சது அவ்வளவு பெருசாத் தெரியாது. பதிவு பண்ணின ஆட்டக்காரங்களால வகுத்தா எகிறிடும். எந்தக் கட்டுரையைப் படிச்சாலும் முதல்ல வகுக்கும் எண் எதுன்னு பாருங்க. முடிவு பாதி அங்கயே தீர்மானமாகியிருக்கும்.

ஆனா வகுத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கனவே பெரிய கவுண்டி, அங்க தனிப் பணம், மேல டப்ளின்லயே இருக்கிற பெரிய மைதானம் குரோக் பார்க். சாம்பியன்ஷிப்ல பெரிய ஆட்டம் எல்லாம் அங்கதான். 2018-ல கால் இறுதியைக் குழு ஆட்டமா மாத்தின சூப்பர் எட்டு வந்தப்போ, டப்ளினுக்கு மட்டும் ரெண்டு ஆட்டம் அங்கயான்னு டோனகல் கேட்டது நியாயமான கேள்வி. 2002-லயே கேலிக் விளையாட்டுச் சங்கத்தோட பீட்டர் குவின் கமிட்டி டப்ளினை ரெண்டாப் பிரிக்கச் சொல்லுச்சு. அன்னைக்கு டப்ளின் 1995-க்கு அப்புறம் ஒண்ணும் ஜெயிக்காம இருந்த அணி. ஜெயிக்கிறாங்கன்னு சொன்ன யோசனை இல்ல அது, ஜனத்தொகையைப் பார்த்துச் சொன்னது. தூக்கிப் பரண்ல போட்டாங்க.

வித்யா, 11:26
பிரிச்சிருந்தா நாம எந்த டப்ளின் மாமா?

செந்தில் மாமா, 11:27
லிஃபி ஆத்துக்குத் தெக்கயா வடக்கயான்னு பார்த்துக்கோ. லூக்கன்ல அதுவே ஒரு பஞ்சாயத்து.

அருண், 11:45
கார்த்தி அண்ணா, காசு சேராத ஒரு விஷயம் இருக்கு: கிக்-அவுட். கிளக்ஸ்டன் கோல்ல இருந்து பந்தை எடுத்து அடிக்கும்போது, நடுக்களத்துக்குத் தூக்கி அடிச்சு ஐம்பதுக்கு ஐம்பதுன்னு விடமாட்டார். 20, 30 மீட்டர்ல ஓடுற ஆள் மார்புக்குத் தட்டையா அனுப்புவார். எதிரணி மூச்சு வாங்குறதுக்குள்ள பந்து மறுபடி டப்ளின்கிட்ட. அன்னைக்கு டப்ளின் மேனேஜரா இருந்த ஜிம் கேவின் இதைச் சுத்தியே ஆட்டத்தைக் கட்டினார். 2014 செமி ஃபைனல்ல டோனகல் 3-14, 0-17-னு உடைச்சுது, அதுக்கப்புறம் டப்ளின் 2021 வரைக்கும் சாம்பியன்ஷிப்ல தோக்கவே இல்ல.

வேடிக்கை என்னன்னா, அதே கேவின் தலைமையில போட்ட கமிட்டிதான் இந்த வருஷப் புது விதியைக் கொண்டு வந்துது. கிக்-அவுட் 40 மீட்டர் வளைவைத் தாண்டணும். வளைவுக்கு வெளிய இருந்து அடிச்சா ரெண்டு பாயிண்ட். ரெண்டு பக்கமும் மூணு மூணு பேர் மேலயே நிக்கணும். தான் கட்டின வீட்டுச் சாவியைத் தானே ஆத்துல போட்ட மாதிரி.

கார்த்தி, 11:52
அந்த விதிக்கு நாங்க கோயில் கட்டுவோம்.

பானு அக்கா, 12:03
கட்டு கட்டு. ஏப்ரல்ல போர்ட்லீஷ்ல மீத் 0-23, டப்ளின் 1-16. குரோக் பார்க் இல்லாத செமி ஃபைனல், முடிவையும் பாருங்க. ஜூன்ல டல்லமோர்ல கெர்ரியையும் ஒம்பது பாயிண்ட்ல அடிச்சோம், ஞாபகம் இருக்கா தம்பி?

கார்த்தி, 12:04
நெட்வொர்க் சரியில்ல அக்கா.

பானு அக்கா, 12:11
லென்ஸ்டர் கோப்பை கடைசியில லவுத்துக்குப் போச்சு, 1957-க்கு அப்புறம் முதல் தடவை. ஃபைனல்ல எங்களைத்தான் ஜெயிச்சாங்க, அது வேற வயித்தெரிச்சல். இங்க நாம பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கிழக்கு லென்ஸ்டர் கவுண்டிங்களுக்கும் கோச்சுப் பணம் 2010-களோட பின்பாதியில வர ஆரம்பிச்சுது. அருண் கணக்குப்படி அந்தப் பிள்ளைங்க சீனியருக்கு வர இன்னும் வருஷம் இருக்கு. அதனால இந்த வருஷ முடிவை வச்சு “காசைப் பங்கு போட்டோம், சரியாப்போச்சு”ன்னும் சொல்லக் கூடாது. கிளக்ஸ்டன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, மைக்கேல் ஃபிட்ஸிமன்ஸ், ஒம்பது ஒம்பது மெடல் வாங்கின மூணு பேரும் இப்ப டப்ளின் அணியில ஆடல, நடுக்கள ஆட்டக்காரர் பிரையன் ஃபென்டனும் ஆடல. அதுதான் இந்த வருஷத்துக்குப் பக்கத்துக் காரணம்.

வித்யா, 12:20
டப்ளின் ஹர்லிங் ஜூன்ல 14 பேரோட லிமெரிக்கை அடிச்சதைச் சொல்லவே இல்லையே யாரும்! 2-24, 0-28. அந்த மானியம் இருபது வருஷம் கழிச்சு ஹர்லிங்ல இப்பதான் முளைக்குதோ என்னவோ.

அருண், 12:22
செமி ஃபைனல்ல கார்க் ஏழு கோல் போட்டுச்சு அக்கா.

வித்யா, 12:22
அதைச் சொல்லாதே.

கார்த்தி, 12:30
சரி, ஆபீஸ் குரூப்புக்கு என்ன பதில் போடட்டும்? “பில் உண்மை, ஆனா 2017-க்கு முந்தின கோப்பைக்குச் செல்லாது, லென்ஸ்டர் இடைவெளிக்கு முழுசாச் செல்லும்”, போதுமா மாமா?

செந்தில் மாமா, 12:34
போதும் மாப்ள. அந்த ரெண்டு ஓன் கோலுக்கு மட்டும் ரசீது இன்னும் கிடைக்கலைன்னு அடியில எழுது.