உதவித்தொகை வாங்குபவர் காப்பிப் பழம் பறிக்கப் போகலாமா?

நாகலூரான்:
ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பட்டதாரிப் பிள்ளைகள் தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகையையும் வாங்குவது ‘பச்சைத் திருட்டு’ என்று சென்ற வாரம் ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போனார். அந்தத் திருட்டின் மதிப்பு மாதம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 3 ஆண்டுகளுக்கு மட்டும். காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சிவப்பதில்லை. ஒரு சுற்றுப் பறித்து முடித்தால் அடுத்த சுற்றுக்குப் பழம் திரளும்வரை ஆளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் மேஸ்திரி முதல்நாள் மாலை சொல்லியனுப்பிய வீட்டுக்குத்தான் மறுநாள் வேலை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் வரை இருக்கலாம் என்று அரசே விதி வகுத்திருக்கிறதே, அந்தப் பணம் வானத்திலிருந்தா கொட்டும்?

கோரிமேட்டுப் பெரியவர்:
எழுதியவன் நான்தான். ‘ஒருவர்’ என்று ஏன் கூச்சப்பட வேண்டும்? 72,000 என்பது குடும்பத்துக்கு வைத்த வரம்பே தவிர, விண்ணப்பதாரருக்குக் கொடுத்த சலுகை அன்று. எந்தப் பணியிலும் சுயதொழிலிலும் இல்லை என்று ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுப்பவர், அந்த மை காய்வதற்குள் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? பணிக்காலம் முழுவதும் இத்தகைய கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாகலூரான்:
தாயும் மகளும் மட்டுமே உள்ள வீட்டில் தாய் படுக்கையில் கிடந்தால், அந்த 72,000 ரூபாயை யார் சம்பாதிப்பது ஐயா?

கோரிமேட்டுப் பெரியவர்:
சம்பாதித்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வருமானமே இல்லாத குடும்பமும் வரம்புக்குள்தான் இருக்கிறது. 

நூற்பாலைப் பதிலி:
இருவரும் 600 ரூபாய்க்காக இவ்வளவு சண்டையிடுவது வியப்பாக இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் 2018இல் அடல் பெயரில் வேலையிழந்தோருக்கான திட்டம் வந்தது. தகுதியுள்ளவர் வேலையிழந்தால் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காட்டை 90 நாள்கள் வரை கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். மலைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்காமல் இதற்கு ஏன் அலைகிறார்கள்?

நாகலூரான்:
தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவர்கள் என்பதுகூடத் தெரியாமல் மலைக்காரர்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்கள். மலைக்கு ஏறி வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நூற்பாலைப் பதிலி:
கூப்பிட்டால் மட்டும் கிடைக்கும் வேலையின் வலி மலைக்கு மட்டும் சொந்தமில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆலை நிறுத்தி வைத்த நாளுக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைக் கொடுக்கச் சொன்னபோது, நிரந்தர ஆள் வராத நாளில் அவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் எங்களைப் போன்ற பதிலிகளை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கியது. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே ஆலை வாசலிலிருந்து வீடு திரும்பியவனிடம் மலை ஏறச் சொல்லாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
எனக்கு ஓர் ஐயம். பட்டறையிலிருந்து உருப்படி வரும் நாளில் மட்டும் வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண், பணியில் இருப்பவளா, சுயதொழில் செய்பவளா, வேலையற்றவளா?

கோரிமேட்டுப் பெரியவர்:
கூலி வாங்கினால் பணிதான் அம்மா. பதிலித் தம்பி ஆலைக் கதையைச் சொல்கிறார். அது நிறுவனம் கொடுக்க வேண்டிய இழப்பீடு, இது மக்கள் வரிப்பணம். இரண்டையும் குழப்பிக் கூட்டம் சேர்க்க வேண்டாம். ஒரு நாள் பறித்தாலும் பறித்ததுதான். எடை போட்டுக் காசு எண்ணி வாங்கியவர், மறுநாள் மழை பெய்தது என்பதற்காக வேலையற்றவர் ஆகிவிட மாட்டார். எழுத்து வேலை கிடைக்காத பட்டதாரி நிலைக்கு எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வருத்தம் வேறு, விதி வேறு. ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்து கோரிமேட்டைத் தாண்டித்தான் போகிறது. அங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இறங்கி, “நான் சில நாள் கூலிக்குப் போகிறேன், எனக்கு உதவித்தொகை உண்டா?” என்று நேராகக் கேட்கும் துணிவு இவர்களில் யாருக்காவது இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
உருப்படி வராத மாதத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

நாகலூரான்:
துணிவைப் பற்றி ஓய்வூதியம் வாங்குபவர் பேசலாம்; முதல் தேதியானால் அவருக்குப் பணம் வந்துவிடும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டத்துக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரும் இந்தத் தொகையில் காப்பித் தோட்டத்துப் பிள்ளை மாளிகையா கட்டிவிட்டாள்? வருமானத்துக்கு வருவாய்த் துறைச் சான்றைக் கேட்கிறவர்கள் அது கூலி வருமானம் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். மறுபடியும் கேட்கிறேன்: அந்த 72,000 ரூபாயை யார் சம்பாதிப்பது?

கோரிமேட்டுப் பெரியவர்:
விண்ணப்பதாரரைத் தவிர மற்றவர்கள்.

நாகலூரான்:
மற்றவர்களே இல்லாத வீட்டில்?

கோரிமேட்டுப் பெரியவர்:
அதற்கும் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஓய்வூதியத்தை ஏன் இழுத்தீர்கள் என்பதற்கு முதலில் நீங்கள் விளக்கம் கொடுங்கள்.