‘ரைட் ஆஃப் அபோட்’: உறைவுரிமை என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரித்தானியக் குடிவரவுச் சட்டத்தில் வரும் ‘ரைட் ஆஃப் அபோட்’ என்ற தொடருக்கு ‘நிரந்தர வதிவிட உரிமை’ போதும் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து. நிரந்தர வதிவிடம் என்பது இலங்கைத் தமிழில் வேரூன்றிவிட்ட நல்ல சொல். அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மக்கள் அதைக் கொண்டு குறிப்பது, அரசு கொடுக்கும் காலவரையற்ற தங்கல் அனுமதியை. அனுமதி பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டால் பொதுவாக அது காலாவதியாகிவிடும். ‘அபோட்’ உரிமை அப்படிப்பட்டதன்று. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் முதற்பிரிவு, அந்த உரிமை உடையவர்கள் நாட்டில் வாழவும் வரவும் போகவும் தங்கு தடையற்ற சுதந்திரம் உடையவர்கள் என்கிறது. பிரித்தானியக் குடிமக்கள் அனைவருக்கும் அது உண்டு; 1983க்கு முன்பே அதைப் பெற்றிருந்த பொதுநலவாய நாட்டவர் சிலருக்கும் உண்டு. லண்டன் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பேத்திக்கு இந்த உரிமையும் தாத்தாவுக்கு அந்த அனுமதியும் இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால், ஆவணத்தை நம்பிப் பயணம் போகிறவர் சிக்கிக்கொள்வார்.

ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டம் 24ஆம் உறுப்பு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வெளிநாட்டவர் ஒருவர் அங்கே முறைப்படி நுழைந்து, தொடர்ந்து ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் வசித்து, அதையே தம் நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டால் ‘அபோட்’ உரிமை பெறலாம். வசிப்பு முதலில், உரிமை பிறகு. ஒரே உறுப்பில் இரண்டு கருத்துகள் வரும்போது நமக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்.

இனி அந்த ஆங்கிலச் சொல்லின் கதை. வீட்டைக் குறிக்கும் பழஞ்சொல் என்று நாம் எண்ணும் ‘அபோட்’ முதலில் வீடே அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘ஆபீடன்’ என்றால் காத்திருத்தல். இன்றைய ‘அபைட்’ அதன் வழி வந்தது. 13ஆம் நூற்றாண்டில் ‘அபோட்’ என்பதற்குக் காத்திருப்பு, தாமதம் என்றே பொருள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் தாமதமாக வந்துசேரும் லொரென்சோ, தன் நீண்ட ‘அபோட்’டைப் பொறுத்தருளும்படி நண்பர்களிடம் கேட்கிறான். தாமதத்துக்குத்தான் அந்த மன்னிப்பு. அதற்குச் சற்று முன்பே, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாழுமிடம் என்ற பொருளும் வந்துவிட்டது. ‘டுவெல்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் வியப்பானது: வழிதவறச் செய்தல், பிறகு தடுத்தல், தாமதித்தல், கடைசியில் குடியிருத்தல்.

தமிழில் இதற்கு நேரான ஒன்று ‘தங்கு’. தங்குதல் என்றால் ஓரிடத்தில் இருத்தலும் உண்டு, தடைப்பட்டு நிற்றலும் உண்டு. ‘தங்கு தடையின்றி’ என்ற தொடரில் இருப்பது இந்த இரண்டாவது பொருள். ‘தங்குரிமை’ என்று முன்மொழிந்த நண்பர் சொல்லின் வரலாற்றை அழகாகத் தொட்டுவிட்டார். ஆனால் இன்றைய காதுக்குத் ‘தங்குதல்’ தற்காலிகமானது. தங்கும் விடுதியில் அறை எடுப்பவர் நாளை கிளம்பிவிடுவார். யாராலும் அனுப்ப முடியாது என்பதைச் சொல்லவேண்டிய இடத்தில் இந்தச் சொல் நிற்காது.

என் முன்மொழிவு ‘உறைவுரிமை’. முகமலர்ந்து விருந்து பேணுபவன் இல்லத்தில் ‘செய்யாள் உறையும்’, அதாவது திருமகள் வாழ்வாள், என்கிறது 84ஆம் குறள். மணிமேகலையில் அறத்தின் விளக்கமாக வரும் ‘உண்டியும் உடையும் உறையுளும்’ நம் எல்லோருக்கும் தெரியும். இன்று யாரும் ‘நான் மதுரையில் உறைகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘அபோட்’டும் ஆங்கிலப் பேச்சில் அருகி, சட்டத்திலும் இலக்கிய நடையிலும்தான் வாழ்கிறது. இரண்டு சொற்களும் ஒரே உயரத்தில் நிற்பது எனக்கு முக்கியம்.

‘உறையுள் உரிமை’ ஏன் கூடாது? கேட்டவுடன் வீட்டுவசதி பெறும் உரிமை என்று தோன்றிவிடும். வீடில்லாதவருக்குக் கூரை கேட்கும் போராட்டத்துக்கு அந்தத் தொடர் தேவைப்படும். அதை அங்கேயே விட்டுவைப்போம்.

பனி உறைவதும் பால் உறைவதும் நினைவுக்கு வருமே என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். உண்டு உறைவிடப் பள்ளி என்று படிக்கும்போது யாருக்கும் பனி நினைவுக்கு வருவதில்லை. ‘உரிமை’ பக்கத்தில் வந்ததும் பொருள் தெளிந்துவிடும்.

ஆகவே ‘ரைட் ஆஃப் அபோட்’ உறைவுரிமை. அதற்கான தகுதிச் சான்று உறைவுரிமைச் சான்று. காலவரையற்ற அனுமதிக்கு இப்போதுள்ள நிரந்தர வதிவிட அனுமதியே இருக்கட்டும், ‘உரிமை’ என்ற பின்னொட்டு மட்டும் வேண்டாம். ஒருவரைச் சட்டப்படி ஒரு நாட்டோடு பிணைக்கும் ‘டொமிசைல்’ என்பதை இதோடு கலக்க வேண்டாம். ஆங்கிலேயச் சட்டத்தில் அது பிறப்போடு ஒட்டி வருவது, ஒருவர் ஆண்டுக்கணக்கில் வேறு நாட்டில் வசித்தாலும் மாறாமல் இருக்கக்கூடியது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். சட்ட மொழிபெயர்ப்பில் இருக்கும் நண்பர்கள், குறிப்பாக இலங்கை வழக்கு அறிந்தவர்கள், ‘உறைவு’ அங்கே வேறு பொருளில் புழங்குகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்.