சிறப்புக் குழந்தை உள்ள ஜவானுக்குப் போஸ்டிங் விலக்கு வேண்டுமா?

கமலி (அம்பாலா)
என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். பையனுக்கு ஆட்டிசம், எட்டு வயது. அடுத்தது ஃபீல்டு, அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பக்க போஸ்டிங் என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கு ஒரே கேள்விதான். மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியரை வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) ஆபீஸில் இருக்கும் சிவிலியன் கிளார்க் அதைக் காட்டி விண்ணப்பிக்கலாம். பக்கத்து மேசையில் யூனிஃபார்மில் இருப்பவருக்கு அது கிடையாது. பிள்ளை பிள்ளைதானே?

போன ஸ்டேஷனில் பச்சை வேனில் பள்ளிக்குப் போனான். இங்கே வந்த மஞ்சள் வேனைப் பார்த்ததும் தரையில் படுத்துவிட்டான். அதில் ஏற வைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. அப்புறம்தானே பாடம், தெரபி எல்லாம். ராணுவத்துக்கும் அப்படி ஒரு விலக்கு விதியாகவே வர வேண்டும் என்கிறேன்.

ஓய்வு சுபேதார் (வேலூர்)
தங்கச்சி, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் விதியாகப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். கம்பெனியில் ஆள் எண்ணிக்கை அளந்து வைத்தது. நீ ஒருவரை விலக்கினால் மலை மேல் போஸ்டில் அந்த இடம் காலியாக இருக்காது, இன்னொருவன் போய் நிற்பான். அவனுக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருக்கலாம், ஆனால் அவன் கையில் சர்டிஃபிகேட் இருக்காது.

நீ சொல்லும் 2014 உத்தரவிலேயே 'நிர்வாகச் சூழலுக்கு உட்பட்டு' என்று ஒரு கொக்கி இருக்கிறது, படித்துப் பார். ராணுவத்திலும் கருணை அடிப்படையில் போஸ்டிங் கேட்க வழி உண்டு. யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ.விடம் மனு கொடுத்தால் மேலே அனுப்புவார். நிறையப் பேர் பிள்ளைக்கு இப்படி என்று யூனிட்டில் வாயே திறப்பதில்லை. 'தலைவிதி' என்று பேசுவார்கள் என்று வெட்கம். சொல்லாதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

மலர்விழி
சுபேதார் ஐயா, மனு கொடுத்தால் கிடைக்கும் என்பது சி.ஓ.வின் மனசைப் பொறுத்தது. ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்வார். அடுத்து வருபவர் ஃபைலைத் திறக்கவே மாட்டார். அதனால்தான் கமலி விதி கேட்கிறார்.

ஆனால் கமலி, நான் உங்களோடும் ஒத்துப்போகவில்லை. என் மகளுக்கு மூளை முடக்குவாதம். இரண்டாவது இடமாற்றத்திலேயே நான் ஊருக்கு வந்துவிட்டேன். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, பிசியோ முதல் சிறப்புக் கல்வி வரை ஒரே வளாகத்தில் நடக்கிறது. பிள்ளைக்கு ஒரே இடம், ஒரே முகங்கள். அவர் எங்கே போனாலும் போகட்டும்.

கமலி (அம்பாலா)
அவர் எங்கே போனாலும் போகட்டுமா அக்கா? ஆண்டு விடுப்பு 60 நாள், அதுவும் ஒரே மூச்சில் கிடைக்காது. மீதி நாளெல்லாம் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டுவது யார்? இவன் இப்போதே என் தோள் உயரம். கோபம் வந்தால் என்னால் பிடிக்க முடிவதில்லை, அவர் வந்து கட்டிப் பிடித்தால் அடங்குகிறான். தெரபியை எந்த ஊரிலும் தேடிப் பிடிக்கலாம், அப்பாவுக்கு எங்கே போவேன்?

மலர்விழி
என் மகளை என் மாமனார்தான் தூக்குகிறார். அவருக்கு எழுபதுக்கு மேல். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சிறப்பாசிரியர் செல்வி
கன்டோன்மென்ட் சிறப்புப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒரு விஷயம். ராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம் 1966-இல் தொடங்கியது. அது நடத்தும் ஆஷா பள்ளிகள் பல ஸ்டேஷன்களில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் கன்டோன்மென்ட் பள்ளி என்றாலே ஆசிரியைகளில் பலரும் ஜவான், அதிகாரி வீட்டுப் பெண்கள்தான். கணவருக்கு மாற்றல் வந்தால் டீச்சரும் கிளம்பிவிடுவார். நான் இருந்த இடத்தில் ஒரு கல்வியாண்டுக்குள் ஒரு வகுப்பின் பிள்ளைகளும் மாறினார்கள், டீச்சரும் மாறினார். புது டீச்சர் கையில் கிடைத்தது வருகைப் பதிவேடு மட்டும். இந்தப் பிள்ளை எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் அமைதியாகும் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

விலக்கு விதி வருகிறபோது வரட்டும். பிள்ளையின் கோப்பு பிள்ளையோடு போக வேண்டும். மூவ்மென்ட் ஆர்டர் (கிளம்பச் சொல்லும் உத்தரவு) போடுவதற்கு முன்பே போகும் ஊரில் பள்ளி உண்டா, தெரபிஸ்ட் உண்டா என்று யாராவது கேட்டாக வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. இப்படிப் பிள்ளை உள்ள வீரர் அதில் பெயர் பதிவது கட்டாயம். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு அனுப்புமுன் அங்கே தேவையான வசதி உண்டா என்று பார்ப்பார்கள்.

ஓய்வு சுபேதார் (வேலூர்)
அமெரிக்காவிலும் பாலும் தேனும் ஓடவில்லையம்மா. தரைப்படையில் கிடைக்கும் உதவி ஒரு மாதிரி, கடற்படையில் வேறு மாதிரி என்று அவர்கள் தணிக்கை அலுவலகமே 2018-இல் அறிக்கை கொடுத்தது. ஆனாலும் கோப்பு விஷயம் சரி. அதற்கு ஆள் பலம் குறையாது, காகிதம்தான் செலவு.

இன்னொன்று. எல்லோரும் அடுத்த போஸ்டிங்கையே பேசுகிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு? சாதாரணமாகப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் 25 வயது வரைதான். தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க. 2021 செப்டம்பரில் வருமான வரம்பையும் தளர்த்தினார்கள்: பிள்ளையின் சொந்த வருமானம் தகப்பன் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதற்குரிய அகவிலைப்படியும் சேர்த்துக் கணக்கு. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும் மகனுக்கு 25 வயது கட்டு இல்லை, நிரந்தர ஊனம் என்றால் தொடரும். எல்லாம் ஆவணத்தில் ஏறியிருந்தால்தான். சர்வீஸில் இருக்கும்போதே வீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் ஊனச் சான்றோடு பதிந்துவிடுங்கள். தகப்பன் போன பிறகு தாய்க்காரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கமலி (அம்பாலா)
ஐயா, பேச்சை மாற்றுகிறீர்கள். நாங்கள் செத்த பிறகு கிடைப்பதைச் சொல்லி, உயிரோடு இருக்கும்போது கேட்பதைத் தள்ளி வைக்கிறீர்கள்.

சிறப்பாசிரியர் செல்வி
இரண்டும் வேண்டும் கமலி. அவன் 18 தொட்டதும் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் வேண்டியிருக்கும். ஆட்டிசத்துக்கு அது நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் வாங்க வேண்டியது. பெற்றோரே ஆனாலும் அந்தக் காகிதம் தேவை. இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்விழி
15 வருஷ சர்வீஸ் முடிந்தால் பென்ஷனோடு வந்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். நல்ல சிப்பாய், தொடர்ந்து இருந்தால் ஹவில்தாராக உயர்வார். இந்த மாதிரி வெளியே வருபவர்களைக் கணக்கில் வைத்தால் ஆள் பலம் குறைவது யாரால் என்று சுபேதார் ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஓய்வு சுபேதார் (வேலூர்)
அது நியாயமான கேள்விதான் தாயி. ஆனாலும் மொத்தமாக விலக்கு என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒரு ஃபீல்டு முடித்தவருக்கு அடுத்த இரண்டு முறையும் பள்ளி இருக்கும் பீஸ் ஸ்டேஷன் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர்) என்றால் சம்மதம். கமலி, அந்த மனுவை அவர் சி.ஓ.விடம் கொடுத்துவிட்டாரா, இல்லை இன்னும் பேச்சில்தான் இருக்கிறதா?

கமலி (அம்பாலா)
எழுதி வைத்திருக்கிறார். எம்.எச். (ராணுவ மருத்துவமனை) சான்றுக்காகக் காத்திருக்கிறோம். இரண்டு முறை பீஸ் ஸ்டேஷன் என்று நீங்கள் சொன்னதையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன்.